வீட்டோடு வரும் சங்கம்

அமெரிக்காவில் பிள்ளை வீட்டிலோ பெண் வீட்டிலோ ஆறு மாதம் தங்கிவிட்டு வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். குளிரையும் கார் இல்லாமல் எங்கும் போக முடியாததையும் சொன்ன பிறகு, அடுத்ததாக 'எச்.ஓ.ஏ.' பற்றிச் சொல்வார்கள். கொல்லைப்புறத்தில் கொடி கட்டி வேட்டியை உலர்த்தினால் கடிதம் வரும். குப்பைத் தொட்டியை எடுத்து உள்ளே வைக்க மறந்தால் கடிதம் வரும். புல் நான்கு விரற்கடை கூடுதலாக வளர்ந்தாலும் கடிதம் வரும். இரண்டாவது கடிதத்தில் அபராதமும் சேர்ந்து வரும்.

"சொந்த வீடுதானே? இவர்கள் யார் கேட்பதற்கு?" என்று நம் வயதுக்காரர்கள் கோபப்படுவது வழக்கம். நியாயமான கேள்விதான். எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. பதில் தேடிப் படிக்கப் போனால் அது 170 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கதையாக நீண்டது. நம் நகரங்களில் அடுக்கு மாடிகளில் குடியிருப்பவர்களுக்கும் அதில் எடுத்துக்கொள்ள விஷயம் இருப்பதால் எழுதுகிறேன்.

முதலில், எச்.ஓ.ஏ. என்றால் என்ன? வீட்டு உரிமையாளர் சங்கம். ஆனால் நம் தெரு நலச் சங்கம் போல விரும்பினால் சேரலாம், பிடிக்காவிட்டால் விலகலாம் என்பது அங்கே பெரும்பாலும் கிடையாது. மனை போட்டு விற்கும் கம்பெனி, முதல் வீட்டை விற்பதற்கு முன்பே ஒரு நீண்ட பிரகடனத்தை எழுதிப் பதிவு செய்துவிடும். அதில் எல்லா நிபந்தனைகளும் இருக்கும். பிறகு வீடு வாங்குகிறவர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட அந்த நிமிடமே சங்கத்தின் உறுப்பினர். வீட்டை விற்றால்தான் உறுப்பினர் பதவி போகும். இன்று அமெரிக்காவில் இப்படிப்பட்ட சங்கங்கள் சுமார் மூன்றரை லட்சம். அவற்றின் கீழ் வாழ்பவர்கள் 7 கோடிக்கும் மேல். ஏறக்குறைய நம் தமிழ்நாட்டு மக்கள்தொகை அளவு.

இந்த ஏற்பாட்டின் வேர் அமெரிக்காவில் இல்லை, லண்டனில் இருக்கிறது. லெஸ்டர் சதுக்கத்தின் நடுவில் உள்ள தோட்டத்தை டல்க் என்பவர் 1808-இல் விற்றார். சுற்றிலும் அவருக்கு வேறு வீடுகள் இருந்தன. ஆகவே, "இந்தத் தோட்டத்தில் கட்டடம் எழுப்பக் கூடாது, தோட்டமாகவே பராமரிக்க வேண்டும்" என்று பத்திரத்தில் நிபந்தனை போட்டார். தோட்டம் பல கைமாறி கடைசியில் மாக்ஸே என்பவரிடம் வந்தது. அவருடைய பத்திரத்தில் அந்த நிபந்தனை இல்லை. ஆனால் அப்படி ஒன்று இருப்பது அவருக்குத் தெரியும். தெரிந்தே கட்டடம் கட்டக் கிளம்பினார். 1848-இல் பிரபு காட்டன்ஹாம் தீர்ப்புச் சொன்னார். நிபந்தனை இருப்பது தெரிந்து வாங்கியவர், அதை மீறக் கூடாது.

நம்மூர்ப் பாஷையில் சொன்னால் இது ஒரு வில்லங்கம். வாங்குவதற்கு முன் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறோமே, அதுபோல நிலத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் ஒன்று. லெஸ்டர் சதுக்கத்தில் தோட்டம் இன்றும் இருக்கிறது. அந்தத் தோட்டத்துக்கு நல்லதைச் செய்த சட்டம்தான் பிற்பாடு வேட்டி உலர்த்துகிற கொடிவரை வந்து சேர்ந்தது.

லண்டன் வழக்கு ஒன்றைச் செய்யாதே என்று தடுத்தது. பணம் கட்டு என்று சொல்லும் அதிகாரம் எப்போது வந்தது? நியூயார்க்கில், கடலோரமாக உள்ள நெபான்சிட் என்ற பகுதியில் மனைகள் விற்றபோது, ஒவ்வொரு மனைக்கும் ஆண்டுக்கு 4 டாலருக்கு மேற்படாத கட்டணம் கட்ட வேண்டும் என்று பத்திரத்தில் எழுதினார்கள். சாலை, பூங்கா, கடற்கரை, சாக்கடை இவற்றைப் பராமரிப்பதற்காக. அந்த மனைகளில் ஒன்று நீதிமன்ற விற்பனை மூலம் ஒரு வங்கியின் கைக்கு வந்தது. வங்கி, "எங்களுக்கும் அந்தச் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம்? அங்கே சங்கத்துக்கு ஒரு சென்ட் நிலம்கூட இல்லையே!" என்று வாதாடியது. சட்டத்தின் பழைய எழுத்துப்படி அது வலுவான வாதம். ஆனால் 1938-இல் நியூயார்க்கின் உச்ச அமர்வு, சங்கம் என்பது அங்கே வீடு வைத்திருக்கும் எல்லோருடைய பிரதிநிதி, எனவே வசூலிக்கலாம் என்று சொல்லிவிட்டது. கட்டாவிட்டால் பாக்கி வீட்டின் மேலேயே ஏறும். இந்த 4 டாலரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறேன்.

இதற்கிடையில் இந்த நிபந்தனைகளுக்கு வேறொரு உபயோகம் கண்டுபிடித்திருந்தார்கள். அது வெட்கக்கேடான உபயோகம். கறுப்பர்கள் இந்தத் தெருவில், வெள்ளையர்கள் அந்தத் தெருவில் என்று நகராட்சி சட்டம் போடக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1917-இல் தீர்ப்பளித்தது. நகராட்சி செய்ய முடியாததை அண்டை அயலார் பத்திரத்தின் மூலம் செய்ய ஆரம்பித்தார்கள். வெள்ளையர் அல்லாதவருக்கு விற்க மாட்டோம், குடியிருக்க விட மாட்டோம் என்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதிப் பதிவு செய்தார்கள். பல ஊர்களில் இதைக் காவல் காப்பதே சங்கத்தின் முதல் வேலையாக இருந்தது. மேற்குக் கரை நகரங்களில் சில பத்திரங்கள் ஆசியர்களையும் பெயர் சொல்லி விலக்கின. இன்று சியாட்டிலில் நம் பிள்ளைகள் வாங்கியிருக்கும் பழைய வீடுகளில் சிலவற்றின் மூலப் பத்திரத்தைப் புரட்டினால் அந்த வரியைப் பார்க்கலாம்.

மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில், லபாடி அவென்யூ என்ற தெருவில் 39 உரிமையாளர்களில் 30 பேர் 1911-இல் இப்படி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். கறுப்பர்களும் 'மங்கோலிய இனத்தவரும்' 50 ஆண்டுகளுக்கு அங்கே குடியேறக் கூடாது. 1945-இல் ஷெல்லி என்ற கறுப்பினக் குடும்பம் அந்தத் தெருவில் வீடு வாங்கியது. ஒப்பந்தம் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. அந்தப் பகுதியின் வீட்டுக்காரர் சங்கம் பின்னால் நிற்க, இன்னொரு தெருக்காரக் குடும்பம் வழக்குப் போட்டது. மாநில நீதிமன்றம் ஷெல்லி குடும்பத்தை வெளியேறச் சொன்னது.

வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. ஒன்பது நீதிபதிகளில் மூன்று பேர் விலகிக்கொண்டார்கள். காரணம் சொல்லவில்லை. அவர்கள் வீட்டுப் பத்திரத்திலேயே அந்த ஷரத்து இருந்திருக்கும் என்று பலரும் பேசிக்கொண்டார்கள். மீதி ஆறு பேரும் 1948 மே 3 அன்று ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். தலைமை நீதிபதி வின்சன் எழுதியதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தனியார் இரண்டு பேர் என்ன வேண்டுமானாலும் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம், அதை அரசியல் சட்டம் தடுக்காது. ஆனால் அதை நிறைவேற்றித் தரும்படி நீதிமன்றத்துக்கு வந்தால், நீதிமன்றம் அரசாங்கத்தின் ஓர் அங்கம். அரசாங்கம் தன் கையால் பாரபட்சம் செய்யக் கூடாது. ஆக, காகிதம் அப்படியே இருந்தது, அதன் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். அப்படி எழுதுவதே குற்றம் என்று ஆனது 1968-இல், நியாயமான குடியிருப்புச் சட்டம் வந்த பிறகுதான். ஷெல்லி குடும்பத்தின் வீடு இன்று தேசிய வரலாற்றுச் சின்னம்.

வீட்டுக்காரரின் உரிமை பற்றிய முதல் பாடம் இங்கே கிடைக்கிறது. சங்கத்தின் விதி பத்திரத்தில் பதிவாகி இருக்கலாம், பெரும்பான்மையினர் கையெழுத்துப் போட்டிருக்கலாம். இருந்தாலும் அது நாட்டின் சட்டத்துக்குக் கீழே உள்ளதுதான்.

1960-களுக்குப் பிறகு சங்கங்கள் புற்றீசல் போலப் பெருகின. நிலம் விலை ஏறியது. கம்பெனிகள் சின்ன மனைகளும் பொதுத் தோட்டமும் நீச்சல் குளமும் சேர்த்து விற்றன. பொதுச் சொத்தைப் பார்த்துக்கொள்ள யாராவது வேண்டும். நகராட்சிகளுக்கும், சாலையும் விளக்கும் யாரோ பார்த்துக்கொள்வது சௌகரியமாக இருந்தது. எனவே வழக்குகளும் பெருகின.

ஃப்ளோரிடாவில் ஹிடன் ஹார்பர் என்ற ஒரே குடியிருப்பிலிருந்து இரண்டு பிரசித்தமான வழக்குகள் வந்தன. முதலாவது 1975-இல். பொதுக் கூடத்தில் மது அருந்தக் கூடாது என்று சங்கம் விதி போட்டது. ஒருவர் எதிர்த்தார், தோற்றார். கூடி வாழ வருகிறவர்கள் தனி வீட்டில் அனுபவிக்கும் சுதந்திரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும் என்றது நீதிமன்றம்.

இரண்டாவது 1981-இல். இது நமக்கு நன்றாகப் புரியும் வழக்கு, கிணறு பற்றியது. ஒரு வீட்டுக்காரர் தன் மனையில் ஆழமில்லாத கிணறு ஒன்று போட அனுமதி கேட்டார். நிர்வாகக் குழு மறுத்தது. அவர் போட்டுவிட்டார். சங்கம் வழக்குக்குப் போனது. நிலத்தடி நீர் உப்பாகும், நடைபாதையில் கறை படியும், எல்லோரும் கிணறு தோண்ட ஆரம்பிப்பார்கள் என்று காரணங்கள் சொன்னது. நிரூபிக்கச் சொன்னபோது சங்கத்தால் முடியவில்லை. வீட்டுக்காரர் ஜெயித்தார்.

அந்தத் தீர்ப்பு ஒரு முக்கியமான வேறுபாட்டைச் சொன்னது. மூலப் பிரகடனத்திலேயே உள்ள விதி ஒரு வகை. வாங்கும்போதே அது தெரியும், எனவே அதற்குப் பலம் அதிகம், எளிதில் உடைக்க முடியாது. பின்னால் நிர்வாகக் குழு உட்கார்ந்து போடுகிற விதியோ, அனுமதி மறுக்கிற முடிவோ இன்னொரு வகை. அதற்கு நியாயமான காரணம் இருக்க வேண்டும். குடியிருப்பவர்களின் ஆரோக்கியம், நிம்மதி, அனுபவம் இவற்றில் ஒன்றோடு அந்த முடிவுக்குத் தொடர்பு இருப்பதைக் காட்ட வேண்டும். தலைவருக்குப் பிடிக்கவில்லை என்பது காரணம் ஆகாது.

முதல் வகை விதிக்கு எவ்வளவு பலம் என்பது 1994-இல் கலிஃபோர்னியாவில் தெரிந்தது. கல்வர் சிட்டியில் 530 வீடுகள் கொண்ட குடியிருப்பு. பிராணிகள் கூடாது என்று மூல விதி. ஓர் அம்மாள் மூன்று பூனைகளோடு குடிவந்தார். பூனைகள் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை, யாருக்கும் தொந்தரவில்லை என்றார். சங்கம் மாதத்துக்கு மாதம் அபராதத்தை ஏற்றியது. மாநில உச்ச நீதிமன்றம் சங்கத்தின் பக்கம்தான் நின்றது. உங்கள் பூனை சாதுவா என்பது கேள்வியல்ல, மொத்தக் குடியிருப்புக்கும் அந்த விதி பொருந்துமா என்பதே கேள்வி என்றது. எனக்கு இந்தத் தீர்ப்பு பிடிக்கவில்லை, ஆனால் அதன் நியாயம் புரிகிறது. ஆளுக்கு ஆள் விலக்கு கொடுத்தால், அந்த விதியை நம்பி வாங்கியவர் என்ன செய்வார்? அம்மாள் நீதிமன்றத்தில் தோற்றாலும் சட்டசபையில் பூனை ஜெயித்தது. 2001 ஜனவரி முதல் தேதிக்குப் பிறகு எழுதப்படும் விதிகள், ஒரு பிராணியாவது வளர்க்க அனுமதிக்க வேண்டும் என்று கலிஃபோர்னியா சட்டம் போட்டது.

நம்மவர்கள் மனத்தைத் தொடக்கூடிய வழக்கு சிகாகோவினுடையது. அங்கே ஓர் அடுக்கு மாடியில் 2001-இல் ஒரு விதி வந்தது. காலணி, மிதியடி, வேறெந்தப் பொருளும் வீட்டுக் கதவுக்கு வெளியே இருக்கக் கூடாது. நடைவழி சுத்தமாக இருப்பதற்காக. 2004-இல் சுவருக்கு வண்ணம் அடித்த பிறகு, அந்த விதியைக் காட்டி ஒரு யூதக் குடும்பத்தின் நிலைப்படியில் இருந்த மெசூசாவைக் கழற்றத் தொடங்கினார்கள். மெசூசா என்பது வேத வாக்கியம் எழுதிய தோல் சுருள் வைத்த சிறு கூடு. யூதர்கள் அதை நிலையில் பதித்தே ஆக வேண்டும். அந்த வீட்டுப் பெரியவர் காலமாகி, குடும்பத்தார் அடக்கத்துக்குப் போயிருந்தபோதும் கழற்றினார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த விதியை எழுதிய குழுவுக்கு அந்த வீட்டு அம்மாளே தலைவியாக இருந்தவர். காலணியை நினைத்து எழுதிய விதி தன் நிலைப்படிக்கே வரும் என்று அவர் எண்ணியிருக்க மாட்டார். 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இது வேண்டுமென்றே செய்த மதப் பாரபட்சமா என்று விசாரித்தே ஆக வேண்டும், வீடு வாங்கும்போது மட்டுமல்ல, வாங்கிக் குடியிருக்கும்போதும் 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்றது. இல்லினாய் மாநிலமும் இதற்கென்று சட்டத்தைத் திருத்தியது. நிலைக்கு மஞ்சள் பூசி மாவிலைத் தோரணம் கட்டுகிற நமக்கு இந்த வழக்கை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இப்போது அந்த 4 டாலருக்கு வருகிறேன். பாக்கி வீட்டின் மேல் ஏறும் என்றால் அதன் கடைசி எல்லை வீட்டையே ஏலம் போடுவதுதான். 2001-இல் டெக்ஸாஸ் மாநிலம் ஹூஸ்டனில் 80 வயதைத் தாண்டிய ஒரு விதவையின் வீடு ஏலத்துக்குப் போனது. லட்சம் டாலருக்கு மேல் மதிப்புள்ள வீடு. சங்கத்துக்குப் பாக்கி ஆயிரம் டாலர்கூட இல்லை. ஏலம் போனது 5,000 டாலருக்கு. ஊரே கொதித்தது. பிறகு அவருக்கு வீடு திரும்பக் கிடைத்தது. அதே ஆண்டு டெக்ஸாஸ் ஒரு பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. அபராதம் போடுவதற்கு முன் எழுத்து மூலம் அறிவிப்பு கொடுக்க வேண்டும், வீட்டுக்காரர் கேட்டால் அவர் தரப்பைக் கேட்க வேண்டும், ஏலம் போனாலும் 180 நாட்களுக்குள் பணம் கட்டி வீட்டை மீட்கலாம். கலிஃபோர்னியாவில், 2006 முதல், பாக்கி 1,800 டாலருக்குக் குறைவாகவும் 12 மாதங்களுக்கு உட்பட்டும் இருந்தால் சங்கம் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோக முடியாது.

இப்படித்தான் ஒவ்வொன்றாக வந்தன. டிஷ் ஆன்டெனா வைக்கும் உரிமை மத்திய அரசின் விதியால் 1996-இல் வந்தது. தேசியக் கொடி பறக்கவிடும் உரிமைக்குத் தனிச் சட்டமே வந்தது. கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமை, கூட்டத்தில் உட்காரும் உரிமை, ரகசிய வாக்கெடுப்பு எல்லாம் கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் சட்டமாயின. வேட்டி? அதற்கும் உண்டு. தன் வீட்டுக் கொல்லையில் கொடி கட்டித் துணி உலர்த்தலாம் என்று கலிஃபோர்னியா 2015-இல் சட்டம் இயற்றியது. அடுத்த முறை போகும்போது பிள்ளையிடம் சொல்லுங்கள்.

அமெரிக்கர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போக நமக்கு உரிமை இல்லை. அகமதாபாத்தில் பார்சிகளுக்கென்று ஒரு கூட்டுறவு வீட்டுச் சங்கம். பார்சி அல்லாதவர் உறுப்பினராக முடியாது என்று துணை விதி. ஓர் உறுப்பினர் தன் சொத்தைக் கட்டட நிறுவனத்துக்கு விற்க முனைந்தார். சங்கம் தடுத்தது. குஜராத் உயர் நீதிமன்றம் உறுப்பினர் பக்கம் நின்றது. ஆனால் நம் உச்ச நீதிமன்றம் 2005-இல் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. சங்கம் அமைப்பது அடிப்படை உரிமை, விதியை ஏற்றுத்தான் சேர்ந்தீர்கள், அரசியல் சட்டத்தின் சமத்துவப் பிரிவுகள் அரசுக்குத்தான், தனியார் சங்கத்துக்கு அல்ல என்று சொன்னது. ஒரு சிறுபான்மைச் சமூகம் தன் குடியிருப்பைக் காப்பாற்றிக்கொள்ள நினைப்பது வேறு, ஷெல்லி குடும்பத்தை விரட்டியது வேறு என்று வாதிடலாம். ஆனால் அதே தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு பலம் உள்ளவர்களும் கதவைச் சாத்தலாமே என்ற கவலை எனக்கு உண்டு. 1948-இல் வின்சன் கேட்ட கேள்வியை நாம் இன்னும் முழுதாகக் கேட்கவில்லை என்றே நினைக்கிறேன்.

தமிழ்நாட்டிலும் அடுக்கு மாடிக் குடியிருப்புகளுக்கு 1994-ஆம் ஆண்டின் சட்டம் போய், 2022-ஆம் ஆண்டின் சட்டம் வந்திருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டலாம் என்கிறது. ஒருவர் பிடிவாதத்தால் ஓட்டைக் கட்டடத்தில் எல்லோரும் கிடந்து அவதிப்பட வேண்டாம் என்பது நல்லதுதான். மீதி ஒரு பங்கில் 75 வயதுப் பெரியவர் இருந்தால் அவர் எங்கே போய் இரண்டு வருடம் வாடகைக்கு இருப்பார் என்பதையும் அந்தக் கூட்டத்தில் யாராவது எழுந்து கேட்க வேண்டும்.

இத்தனை வழக்குகளையும் படித்த பிறகு, சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தால் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த விதி மூலப் பத்திரத்தில் இருக்கிறதா, நேற்று கமிட்டி போட்டதா? கமிட்டி போட்டது என்றால் அதற்கு என்ன காரணம் சொல்கிறார்கள், நிரூபிக்க முடியுமா? அபராதத்துக்கு முன் நம் தரப்பைக் கேட்டார்களா?

இந்த மூன்றையும் கோபப்படாமல், எழுத்தில், நகல் வைத்துக்கொண்டு கேளுங்கள். இன்னொன்று. சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதும் மாதக் கட்டணத்தை நிறுத்தாதீர்கள். ஹூஸ்டன் அம்மாள் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோனது கட்டணப் பாக்கிதான். பணத்தைக் கட்டிவிட்டு, 'ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்' என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் வந்தால் தவறாமல் போய் உட்காருங்கள். அங்கே காலி நாற்காலிகள்தான் அதிகம், விதிகள் நிறைவேறுவதும் அங்கேதான்.